இருவருக்கு ஒரு பாலை நகர்



சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என்னிடம் ஆறாண்டு படித்த மாணவர். இப்போது மனைவியோடு புதுடில்லியில் வாழ்கிறார். வருகின்ற பெப்ரவரியில் அவர் கட்டார் நாட்டுக்குத் தொழில் நிமித்தம் போகவேண்டும். ஒப்பந்தம் இரண்டாண்டு, மனைவியை உடனழைத்துச் செல்ல இடமில்லை. ஆதலின் பிரியுமுன் ஒரு வார இறுதியையாவது எங்கேனும் ஒன்றாகக் கழிக்க இருவரும் விரும்புகிறார்கள். பாலைவனத்திலே ஒரு நகரத்தைக் காணவேண்டுமென்பது அந்தப் பெண்ணின் நெடுநாள் ஆசையாம். "ஜய்சல்மேரா, பிக்கானீரா, ஜோத்பூரா என்று தெரியவில்லை, ஐயா. வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டால் திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு வந்துவிடவேண்டும். தாங்களும் அம்மாவும் அந்தப் பக்கம் போய்வந்தவர்கள். எங்கே போகலாம் என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

மூன்று வரியில் விடை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத அது நீண்டுகொண்டே போயிற்று. நம் நாட்டிலிருந்து காசிக்கும் புத்தகயைக்கும் யாத்திரை போவோர் பலர். டில்லியையும் ஆக்ராவையும் பார்த்துத் திரும்புவோரும் பலர். பாலைப் பக்கம் போவோர் மிகச் சிலரே. எனவே அம்மாணவருக்கு எழுதிய விடையையே இன்று உங்கள் முன்னும் வைக்கலாமென்று எண்ணுகிறேன்.

பாலை என்றவுடன் தமிழ் படித்தவனுக்கு மணல் நினைவுக்கு வருவதில்லை. பிரிவுதான் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர் ஐவகை நிலத்துக்கும் ஐவகை ஒழுக்கம் வகுத்தபோது பாலைக்குப் பிரிவையே உரித்தாக்கினர். பொருள் தேடிப் போகும் தலைவனும், வழி பார்த்திருக்கும் தலைவியும் பாலைப் பாட்டுக்கு உரியவர்கள். அப்படியிருக்க, பிரியப் போகும் இருவர் பாலையையே தேடிப் போக நினைப்பது விந்தையன்றோ என்று முதலில் எனக்குத் தோன்றியது. பின்னர் யோசித்துப் பார்த்தபோது, இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்றே பட்டது.

ஏனெனில் தார்ப் பாலையை அடுத்த மார்வார் நாட்டிலே, பொருள்வயிற் பிரிவு என்பது வெறும் இலக்கணமன்று. மழை பொய்த்த அந்த மண்ணிலிருந்து சென்ற நூற்றாண்டுகளில் வணிகர் கூட்டங்கூட்டமாகக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போனார்கள். ஆடவர் போயினர், பெண்டிர் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். அந்த வணிகப் பொருளினால் எழுந்தவையே அங்குள்ள பெரிய மாளிகைகள். அவற்றை ஹவேலி என்பார்கள். தெருவை நோக்கி நீண்டு, சல்லடைபோலக் கடைந்தெடுத்த கற்பலகணிகள் அவற்றில் உண்டு. உள்ளேயிருப்பவருக்குத் தெரு தெரியும். தெருவில் நிற்பவருக்கு உள்ளேயிருப்பவர் தெரியார். அந்தக் கல்வேலையின் நுட்பத்தைப் புகழாத வழிகாட்டி இல்லை. அதன் பின்னால் எத்தனை கண்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தன என்பதை எந்த வழிகாட்டியும் எனக்குச் சொன்னதில்லை.

இனி ஊர்களுக்கு வருவோம். மூன்றிலும் புகழ் மிக்கது ஜய்சல்மேர். 1156ஆம் ஆண்டிலே இராவல் ஜய்சல் என்னும் மன்னன் நிறுவியது. மஞ்சள் மணற்கல்லால் ஆன கோட்டை, கொத்தளங்கள் 99. மாலை வெயில் படும்போது கோட்டை முழுதும் பொன்னாகிவிடும். சத்யஜித் ராய் 1974இல் எடுத்த 'சோனார் கெல்லா' என்ற படத்தின் பெயரே பொற்கோட்டை என்றுதான் பொருள்படும். அந்தப் பொன்னைக் கண்ணால் கண்டவன் நான், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் என் மாணவருக்கு ஜய்சல்மேர் வேண்டாம் என்றே எழுதினேன். காரணம் சொல்வதற்கு என் பிழையொன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2012ஆம் ஆண்டு டிசெம்பர் விடுமுறையில் நானும் என் துணைவியாரும் டில்லியிலிருந்து ஜய்சல்மேருக்குப் போனோம். புகையிரதத்தில் பதினாறு, பதினெட்டு மணி நேரப் பயணம். அது அட்டவணைக் கணக்கு. டிசெம்பர், ஜனவரி மாதங்களில் வட இந்தியச் சமவெளியை மூடுபனி மூடிக்கொள்ளும், வண்டிகள் மணிக்கணக்கில் பிந்தும், விமானங்களும் தப்புவதில்லை. எங்கள் வண்டி மாலையில் புறப்படவேண்டியது, நள்ளிரவு கழிந்தபின் புறப்பட்டது. ஊர் போய்ச் சேர இருட்டிவிட்டது. கையில் எஞ்சியது ஒன்றரை நாள். என் சட்டைப்பையிலோ பார்க்கவேண்டிய பதினான்கு இடங்களின் பட்டியல் இருந்தது. பரீட்சைக்கு நேரசூசி போட்டுப் பழகிய கையல்லவா? ஒவ்வோரிடத்துக்கும் இத்தனை நிமிடமென்று பிரித்து வைத்திருந்தேன்.

ஊரின் தென்கிழக்கே கடீசர் என்று ஒரு குளம் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் இராவல் கட்சி என்ற அரசன் வெட்டுவித்தது. ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் அளவே மழை பெறும் ஊருக்கு, நூற்றாண்டுக் கணக்கில் தண்ணீர் கொடுத்த குளம். கரையில் சிறு சிறு மண்டபங்கள். நீரின் நடுவிலும் மண்டபங்கள். குளிர்காலத்தில் அயல்நாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். என் துணைவியார் வன்னியிலே, குளக்கட்டின் அருகே பிறந்து வளர்ந்தவர். அந்தப் படியில் உட்கார்ந்ததும் அவருக்கு எழும்ப மனமில்லை. நானோ கடிகாரத்தைப் பார்த்து, பட்டியலில் அடுத்ததாயிருந்த பட்வோன் ஹவேலிக்கு நேரமாகிறது என்றேன். அது 1805இல் தொடங்கி, ஒரு வணிகன் தன் ஐந்து புதல்வர்க்காகக் கட்டுவித்த ஐந்து மாளிகைத் தொகுதி. பார்க்கத்தக்கதே. ஆனால் அன்று நாங்கள் அங்கே கால்மணி நேரம் நின்றோம், அவ்வளவுதான்.

மாலையில் நாற்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள சம் மணற்குன்றுகளுக்குப் போனோம். தனிமையை எதிர்பார்த்துப் போன இடத்தில் ஒரு திருவிழாக் கூட்டம்! ஒட்டகங்கள் ஒருபுறம், மணலைக் கிழித்தோடும் ஜீப் வண்டிகள் ஒருபுறம், கூடாரங்களிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு ஒருபுறம். அதைவிடக் கொடுமை குளிர். பாலைவனம் என்றால் சுடும் என்று நம்பி, கம்பளியை டில்லியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னவன் நான். பூகோளம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்னை மன்னிக்கவேண்டும். காற்றிலே ஈரமும் வானத்திலே முகிலும் இல்லாத இடத்தில், பகலில் மண் வாங்கிய வெப்பம் பொழுது சாய்ந்ததும் தடையின்றி மேலேறிப் போய்விடுகிறது. நண்பகலில் 24 பாகை காட்டிய வெப்பமானி விடியுமுன் 8 பாகைக்கு இறங்கிவிடும். நுவரெலியாவின் ஜனவரி இரவைப் போன்றது அது. ஆனால் ஒதுங்குவதற்குச் சுவர் இல்லை. நடுங்கிக்கொண்டே திரும்பும் வழியில் என் துணைவியார் சொன்னார்: "நீங்கள் ஊர் பார்க்க வந்தீர்கள். நான் உங்களோடு வந்தேன்."

அவர் சினந்து சொல்லவில்லை. சினந்து சொல்லியிருந்தால் நான் இதற்குள் மறந்திருப்பேன்.

ஜய்சல்மேருக்கு நான்கு நாளாவது வேண்டும். குளிர்காலத்தில் அவ்வூருக்கு விமானமும் உண்டெனினும், மூடுபனிக் காலத்தில் அதை நம்பி இரண்டே நாளைப் பணயம் வைப்பது அறிவுடைமையன்று. நான்கு நாள் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: கோட்டையைப் பகலில் சென்று பாருங்கள், இரவில் கோட்டைக்கு வெளியே தங்குங்கள். அக்கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். குடத்தில் நீர் சுமந்து மேலேற்றிய காலத்தில் ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்குச் சில குடமே செலவாயிற்று. குழாய் வந்தபின், அதன் பின்னே விடுதிகளும் வந்தபின், செலவாகும் நீர் பன்மடங்காயிற்று. வடிகான்கள் அதைத் தாங்கவில்லை. கசிந்த நீர் கோட்டை நிற்கும் குன்றின் களிமண்ணில் இறங்கி அடித்தளத்தை இளக்கியது. சில கொத்தளங்கள் சரிந்தே விட்டன. 1996ஆம் ஆண்டிலேயே உலக நினைவுச்சின்ன நிதியம் அதனை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சின்னமாகவும் ஆயிற்று. நாங்கள் கோட்டைக்குள்ளேதான் தங்கினோம். காலையில் வெந்நீர் இரண்டு வாளி வாங்கி ஊற்றிக் குளித்தேன். இவ்வளவும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டபோது அந்த இரண்டு வாளியும் என் மனத்தை உறுத்தின.

2018இல் மறுபடியும் அப்பக்கம் போனோம். இம்முறை பட்டியல் போட்டவர் என் துணைவியார். ஒரு நாளைக்கு ஓரிடம். அதுவே அவருடைய சட்டம். அப்போதுதான் பிக்கானீரும் ஜோத்பூரும் எனக்கு உண்மையாகத் தெரியவந்தன.

பிக்கானீர் டில்லிக்கு மிக அண்மையானது. இரவு வண்டியில் ஏழெட்டு மணி நேரம் போதும். ஜோத்பூரை நிறுவிய இராவ் ஜோதாவின் மைந்தன் பிக்கா, 1488இல் நிறுவிய நகர் அது. அதன் ஜூனாகட் கோட்டை மலைமேலன்றிச் சமதரையில் நிற்பது. உள்ளே பொன் தீட்டிய மண்டபங்கள் கண்ணைப் பறிக்கும். ஒட்டக ஆராய்ச்சி நிலையம் ஒன்றுண்டு. அங்கே ஒட்டகப் பாலில் செய்த குளிர்களி விற்கிறார்கள். பயற்றமா சேர்த்துப் பொரிக்கும் பிக்கானீர் புஜியாவைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அமைதியான ஊர். ஆனால் குளிர் மூன்றிலும் கடுமையானது. ஜனவரி இரவுகளில் ஐந்தாறு பாகைக்கும் கீழே போவதுண்டு. முப்பது கிலோமீற்றரிலுள்ள தேஷ்நோக் கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகள் காலடியில் ஓடித் திரியும். அடியார் அவற்றைப் புனிதமாகப் போற்றுகிறார்கள். என் துணைவியார் வாசலோடு நின்றுவிட்டார். பிக்கானீர் நல்ல ஊர்தான். எனினும் மனத்தில் தங்கும் ஊர் என்று கேட்டால், நான் ஜோத்பூரையே சொல்வேன்.

ஜோத்பூர் 1459இல் எழுந்த நகரம். டில்லியில் இரவு வண்டி ஏறிப் படுத்தால் மறுநாட் காலை இறங்கலாம். ஞாயிறு இரவு அங்கே ஏறினால் திங்கள் காலை டில்லி. நடுவே சனியும் ஞாயிறும் இரண்டு முழு நாட்கள். இரண்டு நாளே உள்ளவர்களுக்கு இக்கணக்குத்தான் முதற்கணக்கு. குளிரும் இங்கே சற்று இரக்கமுடையது. பகலில் 25 பாகை, இரவில் 10 பாகையளவு.

மெஹ்ரான்கட் கோட்டை ஊரின் தலைக்குமேல், செங்குத்தான பாறையிலே நிற்கிறது. கோட்டை எது, பாறை எது என்று பிரித்தறிய முடியாது. காலையில் நேரத்தோடு போய்விட வேண்டும். கூட்டம் சேருமுன் மதில்மேல் நின்றால், கீழே பழைய நகரின் நீல வீடுகள் தெரியும். அவ்வளவு உயரத்திலும் ஊரின் ஓசை காதுக்கு எட்டும்: பாத்திரம் துலக்கும் ஓசை, பிள்ளைகள் கூவும் ஓசை. இறங்கி வரும்போது லோஹா போல் என்ற வாயிலின் சுவரில் சிறிய கைப்பதிவுகளைக் காண்பீர்கள். 1843இல் மான்சிங் மகாராஜா இறந்தபோது உடன்கட்டை ஏறிய மனைவியரின் கை அடையாளங்கள் என்பார்கள். செந்தூரம் பூசி, பூச் சாத்தியிருக்கும். அந்தக் கைகள் எவ்வளவு சிறியன! வணங்கிப் போவோர் வணங்கட்டும். எனக்கு அங்கே கை குவியவில்லை. என் துணைவியார் தம் உள்ளங்கையைச் சுவருக்கு அருகே கொண்டுபோய், தொடாமலே எடுத்துக்கொண்டார். அரைநாள் எங்களுக்குப் பேச்சு அதிகமில்லை.

மாலைக்கு உரிய இடம் தூர்ஜி படிக்கிணறு. 1740களில் அபய்சிங் மகாராஜாவின் அரசி ஒருவர் கட்டுவித்தது. செந்நிறக் கல்லில் நாற்புறமும் படிகள், படிக்குள் படிகளாக இறங்கிப் பச்சை நீரைத் தொடும். நெடுங்காலம் குப்பை மூடிக் கிடந்ததை அண்மைக் காலத்திலேதான் இறைத்துத் துப்புரவாக்கினார்கள். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுவே அதன் சிறப்பு. நாங்கள் இரண்டு மணி நேரம் அப்படியில் உட்கார்ந்திருந்தோம். ஊர்ச் சிறுவர் மேலிருந்து நீருக்குள் குதித்தார்கள். கடீசர் குளக்கரையில் நான் பறித்துக்கொண்ட நேரத்தை இங்கே திருப்பிக் கொடுத்தேன் என்றே சொல்லவேண்டும். பிறகு மணிக்கூட்டுக் கோபுரத்தடிக் கடைவீதியில், மிளகாயைப் பிளந்து உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த வடையை வாங்கித் தின்று, கண்ணில் நீர் வர இருவரும் சிரித்தோம்.

ஊருக்கு வெளியே குன்றின்மேல் உமேத் பவன் அரண்மனை தெரியும். 1929இல் தொடங்கி 1943இல் முடிந்தது. பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே எழுப்பிய மாளிகை என்பார்கள். அதன் ஒரு பகுதி இன்று விடுதி. அரசாங்கப் பாடசாலை அதிபர் ஒருவரின் மாதச் சம்பளம் அங்கே எத்தனை இரவுக்குப் போதும் என்று கணக்குப் பார்த்தேன், சொல்வதற்கில்லை. பழைய நகருக்குள், பழைய வீடுகளிலேயே நடத்தும் சிறு விடுதிகள் பல உண்டு. மொட்டைமாடியிலிருந்து கோட்டையைப் பார்க்கலாம். இளந்தம்பதியருக்கு அதுவே நல்லது.

"மணல் இல்லாமல் பாலையா?" என்று அந்தப் பெண் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். ஜோத்பூருக்கு வடக்கே 65 கிலோமீற்றரில் ஓசியான் என்ற சிற்றூர் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு முதல் எழுந்த கோயில்கள் அங்கே உள்ளன. மகாவீரருக்கு ஒன்று, சச்சியா மாதாவுக்கு ஒன்று, பாழடைந்தவை பல. ஊரைச் சூழ மணற்குன்றுகள். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உண்டபின் போய், மாலை வெயிலில் மணல்மேல் நடந்துவிட்டு, இரவு வண்டிக்குத் திரும்பிவிடலாம். சம் குன்றுகளைப்போல் உயர்ந்தவை அல்ல. நாங்கள் போன அன்று ஒலிபெருக்கியும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. அப்பாலை எங்கும் தனித்தனியே ஒரு மரம் நிற்கும். சிறிய இலை, முள், வளைந்த கிளை. கேஜ்ரி என்பார்கள். யாதென்று பார்த்தால் நம் வன்னி மரமேதான்! விஜயதசமியன்று நம் கோயில்களில் வன்னியையும் வாழையையும் நட்டு மானம்பூ வெட்டுகிறோமே, அந்த வன்னி. அங்கே அதன் காயை உலர்த்தி, கேர் என்ற பாலைக் காயோடு சேர்த்துக் கறி சமைக்கிறார்கள்; கேர்-சாங்ரி என்று பெயர். ஜோத்பூர் போவோர் அதை உண்ணாமல் வரக்கூடாது. 1730இல் அபய்சிங்கின் ஆட்கள், புதிய மாளிகைக்குச் சுண்ணாம்பு சுடுவதற்கு விறகு வேண்டி, கேஜ்ர்லி என்ற ஊருக்கு இம்மரங்களை வெட்ட வந்தார்கள். பிஷ்ணோய் குலத்து அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைத் தழுவி நின்று உயிரைக் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் மரங்களைத் தழுவினர். மாண்டவர் 363 பேர் என்பது வரலாறு. அதன்பின்னரே அரசன் வெட்டுவதை நிறுத்தினான். அவ்வூர் ஜோத்பூருக்குத் தென்கிழக்கே இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. ஓசியான், கேஜ்ர்லி இரண்டில் ஒன்றைத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்கக்கூடாது என்று, என் பழைய பட்டியலை நினைத்து, அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

ஜனவரி முற்பகுதியைத் தவிர்த்துக் கடைசி வாரத்தில் போனால் மூடுபனித் தொல்லை சற்றுக் குறையும் என்றும், எதற்கும் திங்கட்கிழமை முற்பகலுக்கு விடுமுறை கேட்டுவைக்கும்படியும் எழுதினேன். கடிதத்தை உறையிலிடுமுன் என் துணைவியார் வாங்கிப் படித்தார். ஒரு சொல்லும் திருத்தவில்லை, அடியில் மட்டும் தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: "கோட்டையை ஒருநாள் தவறவிட்டாலும் பரவாயில்லை, மகள், அந்தப் படிக்கிணற்றடியில் பொழுதுபட உட்கார்ந்து வாருங்கள்."

பதில் முந்தநாள் வந்து சேர்ந்தது. ஜோத்பூருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்களாம். கம்பளி அங்கே வாங்கலாமா, டில்லியிலிருந்தே கொண்டுபோகவேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். இரண்டு கம்பளியும் டில்லியிலிருந்தே போகட்டும் என்று இன்று காலை எழுதிப் போட்டேன்.